இரண்டு கோச்சுகளுக்கும், கூட நின்ற எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள டாலஸ் தமிழ்ச் சொந்தங்களுக்கு,

வணக்கம். அமெரிக்க ஃபுட்பாலின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லில், அணி ஒன்றின் புதுமுகங்களுக்கான மினிகேம்ப்பில் (சில நாள் பயிற்சி முகாம்) ஆடிக்காட்ட என் மகனுக்கு அழைப்பு வந்திருக்கிறது. கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் 7 சுற்றுகளிலும் அவன் பெயர் வரவில்லை. ஒப்பந்தமும் கையில் இல்லை, இது வெறும் ட்ரைஅவுட்தான். ஆனாலும் இந்த இடத்துக்கு அவன் தனியாக வந்து சேரவில்லை. கோச்சுகளுக்கு ஆங்கிலத்தில் தனியே எழுதியாகிவிட்டது. அவர்கள் செய்ததை நம்மவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் தமிழில் இதை எழுதுகிறேன்.

கல்லூரியில் அவனுக்கு இரண்டு விளையாட்டு. ஆகஸ்டிலிருந்து ஃபுட்பால், எதிரணியைத் தடுக்கும் முன்வரிசையான டிஃபென்சிவ் லைனில். அது முடிந்ததும் குண்டு எறிதல். சிக்கல் வருவது மார்ச், ஏப்ரலில். ஃபுட்பாலின் ஸ்பிரிங் பிராக்டிஸும் தடகளப் போட்டிகளும் ஒரே சமயத்தில் வரும். இரண்டு பக்கமும் முழுசாக இழுத்தால் தோளும் முட்டியும் என்னத்துக்கு ஆகும்? ஒன்றை விட்டுவிடு என்று சொல்வதுதான் எந்தக் கோச்சுக்கும் சுலபம். இவர்கள் அப்படிச் சொல்லவே இல்லை. குண்டு எறிதலுக்கான த்ரோஸ் கோச்சும் ஃபுட்பாலுக்கான லைன் கோச்சும் சேர்ந்து உட்கார்ந்து அவனுக்கென்று ஒரே அட்டவணை போட்டார்கள். காலையில் கனமான ஸ்குவாட் என்றால் மாலையில் முழு வேகத்தில் எறியக் கூடாது. சனிக்கிழமை மீட் (தடகளப் போட்டி) இருந்தால் வியாழக்கிழமை பிராக்டிஸில் மோதல் கிடையாது. இருவர் கையெழுத்தும் பென்சில் திருத்தங்களுமாக அந்தத் தாள் இன்னும் எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கிறது.

த்ரோஸ் கோச்சைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். முதல் வருடமே அவனிடம் மைக்கேல் கார்ட்டரைப் பற்றிச் சொன்னவர் அவர். கார்ட்டர் நம் டாலஸ்காரர், எஸ்.எம்.யு. பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் குண்டு எறிதலில் வெள்ளி வாங்கி, அடுத்த ஜனவரியிலேயே சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் அணியோடு என்.எஃப்.எல். இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் ஜெயித்தவர். 7.26 கிலோ குண்டைத் தள்ளுவதும் எதிரே நிற்கும் ஆளைத் தள்ளுவதும் இடுப்பிலிருந்து கிளம்பும் ஒரே வேகம்தான் என்பார் கோச். கடைசி வருடம், கல்லூரி வீரர்கள் என்.எஃப்.எல். அணிகளின் ஆட்கள் முன்னால் திறமையைக் காட்டும் ப்ரோ டே நெருங்கியபோது, "வெளி மைதான சீசனுக்கு வராதே, போய் அதற்குத் தயாராகு" என்று சொன்னவரும் அவரே. கல்லூரிகளுக்கு இடையிலான கான்ஃபரன்ஸ் போட்டியில் தன் அணிக்கு வரவேண்டிய புள்ளிகளை எங்கள் பிள்ளைக்காக விட்டுக்கொடுத்தார். சம்பந்தமில்லாத ஒருவர் இதைவிட என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்.

ப்ரோ டே அன்று எல்லோருக்கும் முன்னால் வந்தவர் அத்லெடிக் ட்ரெய்னர். அவனை மேஜையில் உட்காரவைத்து, குதிகாலுக்கு அடியில் டேப்பைக் கொடுத்துக் கணுக்காலைச் சுற்றி இழுத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் பாதத்தை அசைத்துப் பார்த்து "வலிக்குதா?" என்று கேட்டார். அதன் பிறகுதான் ஸ்கவுட்டுகள் (அணிகளுக்கு ஆள் தேடுபவர்கள்) முன்னால் 40 யார்டு ஓட்டமும், 225 பவுண்டு பெஞ்ச் பிரஸ்ஸும்.

ஹைஸ்கூல் நாட்களில் கார்ப்பூல் ஓட்டிய பக்கத்துத் தெரு அக்காவுக்கும், வெள்ளிக்கிழமை இரவு ஆட்டங்களில் என் பக்கத்தில் உட்கார்ந்து 4 வாய்ப்பில் 10 யார்டு முன்னேற வேண்டும் என்ற ஃபுட்பால் கணக்கைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த அவன் நண்பனின் அம்மாவுக்கும், லேப் நேரத்தை மாற்றிக்கொடுத்த பேராசிரியருக்கும் எங்கள் வணக்கம். தமிழ்ப் பள்ளி டீச்சர், மீட் முடிந்து அழுக்கு ஜெர்சியோடு வந்தவனையும் வகுப்பில் உட்காரவைத்தீர்களே, அதை மறக்கவே மாட்டோம்.

இனி நடக்கப்போவது அவன் கையிலும் அணியின் கையிலும் இருக்கிறது. ட்ரைஅவுட்டில் பிடித்துப்போனால் கோடையில் அணியின் 90 பேரில் ஒருவன். ஆகஸ்ட் கடைசியில் அதுவும் 53 ஆகக் குறையும். எது நடந்தாலும், மினிகேம்ப் முடிந்து அவன் திரும்பியதும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. இரண்டு கோச்சுகளும் வருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். தேதி பிறகு சொல்கிறேன், நீங்களும் குடும்பத்தோடு கட்டாயம் வரவேண்டும்.

நன்றியுடன்,
அவன் அம்மா