ஊர்மடலுக்குக் கை கொடுத்தவர்களுக்கு

ஆற்றோரத்து ஊர்க்காரர்களுக்கும், அச்சகத்து அண்ணாச்சிக்கும், வழியில் உதவிய எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் கலை அறிவியல் கல்லூரி மாணவர்கள் கொண்டுவரும் 'ஊர்மடல்' இதழின் 2023 டிசம்பர் தாமிரபரணி வெள்ளச் சிறப்பிதழ் இதற்குள் உங்கள் கைக்கு வந்திருக்கும். நான்கே பக்கம்தான். அதற்கு உதவியவர்களின் பெயரை மட்டும் அடுக்கினாலும் நான்கு பக்கம் போதாது. போதாததற்கு, பெயர் போடவேண்டாம் என்று பாதிப்பேர் முன்கூட்டியே சொல்லிவிட்டீர்கள். ஆகவே இந்த மடலில் பெயர் கிடையாது. யாரைச் சொல்கிறேன் என்பது அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி முக்கூடல் பக்கத்தில் பீடி சுற்றும் அம்மாக்களுக்கு. இலையும் தூளும் கொடுத்து, சுற்றிய பீடியை வாங்கிக்கொள்ளும் கடையில் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் அவர்களுக்குக் கூலி. நோட்டும் பேனாவுமாக நாங்கள் போய் எதிரே உட்கார்ந்தால், கேட்கிற ஒவ்வொரு கேள்வியும் அவர்கள் வருமானத்தில் கைவைக்கிறது. பேட்டி எடுக்கப் போகிறவர்கள் இதை நினைத்துப் பார்ப்பதே இல்லை என்பது என் நெடுநாள் மனத்தாங்கல். ஆனால் ஓர் ஆச்சி, "கேட்கிறதைக் கேளு பிள்ளை, கை அது பாட்டுக்கு ஓடும்" என்றார். ஓடத்தான் செய்தது. மடியில் சுளகு என்கிற முறம், இலையில் தூளை வைத்து ஓர் உருட்டு, நூலில் இரண்டு சுற்று, முனையில் ஒரு மடக்கு. எங்கள் மாணவி ஒருத்தியின் வீட்டிலும் அதுதான் தொழில். வெள்ளம் வந்த இரவைப் பற்றி ஆச்சி கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டியிருந்தபோது, அவள் பேசாமல் சுளகைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டு சுற்ற ஆரம்பித்துவிட்டாள். பேச்சு முடிந்ததும் ஆச்சி கட்டுக்கு 25 எண்ணிப் பார்த்தார். இரண்டைப் பிரித்து ஓரமாகப் போட்டார். "இதைக் கடையில் கழித்துவிடுவார்கள். மற்றது தேவலை."

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் என்ன நடந்தது என்பதை நாடே படித்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. நெல்லை சந்திப்பு பஸ் நிலையம் தண்ணீருக்குள். குறுக்குத்துறை முருகன் கோயிலை மூழ்கடித்துக்கொண்டு ஓடிய தாமிரபரணி. இந்தப் படங்களெல்லாம் பத்திரிகைகளில் வந்தன. நனைந்து கறுத்த பீடி இலைக்கும் கட்டிபிடித்த தூளுக்கும் கடையில் யார் கணக்குச் சொல்வது என்ற கவலை எந்தப் பத்திரிகையிலும் வந்ததாக எனக்கு நினைவில்லை. அதை எங்களிடம் சொன்னதற்கு நன்றி.

அதைவிடப் பெரிய நன்றி ஒன்று இருக்கிறது. கிளம்பும்போது அதே ஆச்சி கேட்டார்: "எழுதிக்கொண்டு போகிறீர்கள், சரி. எழுதியதை எனக்கு யார் படித்துக் காட்டுவது?" அச்சுக்குப் போகும் முன்பு பிரதியை எடுத்துக்கொண்டு திரும்பவும் போனோம். திண்ணையில் உட்கார்ந்து ஒரு மாணவன் உரக்கப் படித்தான். அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்தும் சுளகோடு வந்து சேர்ந்துகொண்டார்கள். "கடன் வாங்கினதைப் போட்டிருக்கிறாய், அடைத்ததைப் போடவில்லையே" என்றார் ஒருவர். அடைத்ததும் சேர்ந்தது. "நான் அழுததை எடுத்துவிடு" என்றார் இன்னொருவர். எடுத்துவிட்டோம். அந்தப் பக்கத்துக்கு உண்மையான ஆசிரியர் குழு அந்தத் திண்ணைதான். இப்போது போகும் ஊரில் எல்லாம் படித்துக்காட்டிவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுக்கிறோம்.

சுத்தமல்லி அணைக்கட்டுப் பக்கம் எங்களை வயல்வரப்பிலேயே நடக்கவைத்துப் பாடம் நடத்திய விவசாயப் பெரியவருக்கு அடுத்த நன்றி. கோடைமேலழகியானில் தொடங்கி நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டையும் அவர் மூச்சுவிடாமல் சொன்னார். எந்த அணைக்கட்டிலிருந்து எந்தக் கால்வாய் பிரிகிறது, நெல்லைக் கால்வாய்த் தண்ணீர் எந்தக் குளத்துக்கு முதலில் போகும் என்பதெல்லாம் அவருக்குக் கைரேகை. கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவங்களுக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளைகள் எங்கள் வகுப்பில் இருந்தார்கள். நெல்லைச் சீமையில் பிறந்துவிட்டு இப்படியா என்று எனக்கு வருத்தம்தான். பெரியவருக்கு வருத்தமில்லை, சிரித்தார். பிசான நடவு முடிந்த வயலில் வெள்ளம் மணலைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனால், மறுபடி நாற்றுக்குப் போவதா, மணலை அள்ளுவதா, எதற்கு முதலில் பணம் புரட்டுவது என்று அவர் விளக்கிய பகுதியைத்தான் வாசகர்கள் அதிகம் பாராட்டினார்கள்.

சென்னைக்குக் கிளம்பிய திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் வெள்ளத்தில் சிக்கி நின்றதும், சுமார் 800 பயணிகள் தவித்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். வெளியிலிருந்து உதவி வந்து சேர்வதற்குள், வீட்டில் இருந்த அரிசி பருப்பைத் திரட்டிப் பொங்கிப் போட்ட பக்கத்து ஊர்க்காரர்களே, உங்களிடம் நாங்கள் கேட்ட கேள்விகள் கொஞ்சம் விசித்திரமாக இருந்திருக்கும். எந்த அடுப்பு, யார் வீட்டு அண்டா, விறகு நனையாமல் எப்படி இருந்தது என்றெல்லாம் குடைந்தோம். பொறுமையாகப் பதில் சொன்னீர்கள். 1986இல் மாவட்டம் இரண்டாகிவிட்டதால் நீங்கள் தூத்துக்குடிக்காரர்கள் என்பது காகிதத்தில் சரி. எங்கள் ஊர்மடலுக்கு எல்லை ஆறுதான்.

நாட்டு நலப்பணித் திட்ட அலுவலருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969 செப்டம்பர் 24இல் தொடங்கிய திட்டம் அது. மாணவர்கள் ஆண்டுக்கு 120 மணி நேரம் பணி செய்ய வேண்டும், தவிர ஏழு நாள் சிறப்பு முகாம். ஊர் முகப்பில் பேனரைப் பிடித்துப் படமெடுத்துவிட்டு, சுத்தமாக இருந்த தெருவையே இன்னொரு தரம் கூட்டிவிட்டுத் திரும்பும் முகாம்களை நிறையப் பார்த்தவன் நான். எனக்கு அதில் மதிப்பில்லை. இந்த அலுவலர் வேறு மாதிரி. மாணவி பீடி சுற்றிய நேரத்தைப் பதிவேட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று சற்று விழித்தார். பிறகு எழுதிக்கொண்டார்.

மற்றவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, சுருக்கமாகச் சொல்கிறேன். தாளுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு கூலியை மறந்ததுபோல் நடித்த அச்சகத்து அண்ணாச்சி. பழைய செய்தித்தாள் தொகுப்புகளைப் பரணிலிருந்து இறக்கித் தந்த நூலகர். சேரன்மகாதேவி வழியாகப் போகும் பஸ்ஸில் கட்டுக் கட்டாக இதழை ஏற்ற அனுமதித்து, டிக்கெட் கேட்காமல் ஒரு பிரதி மட்டும் கேட்ட கண்டக்டர். பத்தமடையில் நாங்கள் கேட்காமலே டீயும் முறுக்கும் கொடுத்த கடைக்காரர். அந்திக் கருக்கலில் பெண்பிள்ளைகளைப் பஸ் ஏற்றிவிடும் வரை நிறுத்தத்தில் கூட நின்ற மைனிமார். "ஊர் ஊராகப் போய் என்ன கிழிக்கிறாய்" என்று கேட்டுவிட்டு, மறுநாளே பைக்கைக் கொடுத்தனுப்பிய அப்பாக்கள். எல்லோருக்கும் நன்றி.

ஒரு வேண்டுகோளும் உண்டு. 1992 நவம்பர் வெள்ளத்தையும் இதையும் ஒப்பிட்டுப் பேசாத ஊரே இல்லை. அப்போது எடுத்த படம், கடிதம், தண்ணீர் ஏறிய உயரத்தைக் கரியால் கோடு போட்டு வைத்த சுவர், ஏதாவது உங்கள் வீட்டில் இருந்தால் சொல்லியனுப்புங்கள். பிள்ளைகள் வந்து நகலெடுத்துக்கொண்டு, மூலத்தை அன்றைக்கே திருப்பித் தந்துவிடுவார்கள். படித்துக்காட்டவும் வருவார்கள்.

நன்றியுடன்,
ஊர்மடல் குழுவுக்காக,
தமிழ்த்துறை ஆசிரியர் ஒருவர்,
பாளையங்கோட்டை.