ஒலியைக் கொண்டு எழுத்தைத் தேடும் வசதி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எழுத்தில் ஐயம் உள்ளவர்தான் அகராதியை நாடுகிறார். ஆனால் நம் இணைய அகராதிகள் பலவற்றில், எழுத்தைப் பிழையின்றித் தட்டச்சு செய்தால்தான் சொல்லே கிடைக்கிறது. 'கிழங்கு' என்பதைக் 'கிளங்கு' என்றே கேட்டு வளர்ந்த மாணவி அப்படியே தேடினால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். எளிய கணினி நிரலால் இக்குறையைத் தீர்க்க முடியும்.

அமெரிக்காவில் ராபர்ட் ரஸ்ஸல் 1918-இல் காப்புரிமை பெற்ற முறையிலிருந்து வளர்ந்த 'சவுண்டெக்ஸ்', ஒத்து ஒலிக்கும் மெய்களுக்கு ஒரே எண்ணைத் தந்து, ஒவ்வொரு பெயரையும் ஓர் எழுத்தும் மூன்று இலக்கங்களும் கொண்ட குறியீடாகச் சுருக்குகிறது. அந்நாட்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பதிவேடுகளில், பலவாறாக எழுதப்பட்ட ஒரே குடும்பப் பெயரைக் கண்டெடுக்க அது உதவியது.

அம்முறையை அப்படியே தமிழுக்குக் கொண்டுவருவதில் பயனில்லை. முதலெழுத்துக்குப் பின்வரும் உயிர்களை அது விட்டுவிடுவதால், கல், கால், கோல், கேள் எல்லாம் ஒன்றாகிவிடும். நம் மாணவர்கள் பெரிதும் தடுமாறுவது ல-ள-ழ, ர-ற, ந-ன-ண ஆகியவற்றில்தான். எனவே உயிர்களைக் குறில் நெடில் மாறாமல் வைத்துக்கொண்டு, இம்மூன்று தொகுதிகளுக்கும் தொகுதிக்கொரு குறி தந்தால் போதும். தலைச்சொற்கள் (அகராதியில் பொருள் தரப்படும் சொற்கள்) அனைத்துக்கும் குறியீடுகளை முன்பே கணக்கிட்டு வைத்து, தேடுபவர் உள்ளிடும் சொல்லையும் அதே விதிப்படி மாற்றி ஒப்பிடலாம். எடம், ஒடம்பு, காத்து, தல என்று பேசுவது போலவே தேடுபவர்களுக்காக, இடம், உடம்பு, காற்று, தலை ஆகியவற்றையும் எட்டும்படி கூடுதல் விதிகள் சிலவற்றைச் சேர்க்க வேண்டியிருக்கும்.

ஒன்றை மட்டும் வலியுறுத்த விரும்புகிறேன். மனம்-மணம், அரம்-அறம் போன்ற இணைகளில் இரண்டுமே சரியான சொற்கள் என்பதால், நிரல் தானாக ஒன்றைத் தேர்ந்து திருத்திவிடக் கூடாது. பொருந்தும் சொற்கள் எல்லாவற்றையும் பொருளோடு காட்டி, தேர்வைத் தேடுபவரிடமே விட வேண்டும். பிள்ளைகள் எழுத்து வேறுபாட்டைக் கற்பதும் அப்போதுதான்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் உள்ளன. இன்றைய கணினிக்கு இது சுமையே அன்று. இணைய அகராதிகளை நடத்தும் பல்கலைக்கழகங்களும் அரசுத் தமிழ் அமைப்புகளும் இத்தேடலைத் தம் தளங்களில் சேர்க்க வேண்டும். நிரல் எழுதத் தெரிந்த மாணவர்களும் முயன்று பார்க்கும் வகையில், தலைச்சொல் பட்டியல்களை யாரும் தரவிறக்கிக்கொள்ளும்படி வெளியிடவும் வேண்டும்.

இப்படிக்கு,
தமிழாசிரியர் ஒருவர்,
திருநெல்வேலி