றங்குப்பெட்டிகளைத் திறந்து தந்தவர்களுக்கு

யாழ்ப்பாணத்துப் பழைய பள்ளிக்கூடங்களின் வரலாற்றைத் திரட்டக் கைகொடுத்த அனைவருக்கும் வணக்கம்.

சிறுநூல் அச்சுக்குப் போய்விட்டது. நன்றிக்கென்று அதில் ஒதுக்கிய அரைப்பக்கம் போதவில்லை; ஆகவே இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று உங்களில் பலர் கண்டிப்பாகச் சொன்னதால், பெயர் சொல்லாமலே எழுதுகிறேன்.

முதலில் குருநகர் ரீச்சர் அம்மா. 1850 இல் ஆண்கள் பள்ளியாகத் தொடங்கி, 1881 இல் சம்பத்திரிசியார் கல்லூரி என்று பெயர் பெற்ற பள்ளியின் ஆண்டு மலர்களை, பழைய சேலைத் துண்டில் சுற்றி, தாள்களுக்கு இடையில் காய்ந்த வேப்பிலை வைத்துப் பாதுகாத்திருக்கிறார். 1995 ஒக்டோபரில் ஊரே தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது உடுப்பு ஒரு பை, இந்த மலர்கள் ஒரு பை என்று சுமந்துகொண்டு நடந்தவர் அவர். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட அதிர்ச்சியில் பன்மொழி அறிஞர் தாவீது அடிகளாரின் உயிர் பிரிந்தது. அந்தத் தீயில் போனவற்றை எண்ணினால், ஒரு வீட்டில் தப்பிய ஒரு கட்டுக் கடதாசியின் பெறுமதி எனக்குப் புரிகிறது.

வட்டுக்கோட்டை மாஸ்ரருக்கு என் வணக்கம். அமெரிக்க மிசனரிமார் 1823 இல் தொடங்கிய செமினரி என்ற உயர்கல்விக்கூடம் இருந்த இடத்தை, உச்சி வெயிலில் என்னை நடத்திக்கொண்டுபோய்க் காட்டினார். 1855 இல் அது மூடப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகளாக வந்த இருவரும் அங்கே படித்தவர்கள்: கறோல் விசுவநாதபிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளை. கலித்தொகையை 1887 இல் அச்சேற்றியவர் அந்தத் தாமோதரம்பிள்ளைதான். இதைச் சொல்லும்போது மாஸ்ரரின் குரல் உயர்ந்தது. உயரத்தான் வேண்டும்.

பிரெஞ்சுக் கடிதங்களை வாசித்துப் பொருள் சொன்ன கன்னியர் மடத்துச் சகோதரிக்கும், இரவிரவாகப் படங்களை ஸ்கேன் செய்து ரொறன்ரோவிலிருந்து அனுப்பிய தம்பிக்கும் மிக்க நன்றி.

வண்ணார்பண்ணைக் குடும்பத்தார் ஆறுமுக நாவலரின் 1848 ஆம் ஆண்டுச் சைவப்பிரகாச வித்தியாசாலை பற்றிப் பொறுமையாக விளக்கினார்கள். பேர்சிவல் பாதிரியாரின் மெதடிஸ்தப் பள்ளியில் படித்து, அங்கேயே கற்பித்த பிறகுதான் நாவலர் அதை நிறுவினார். 1917 இல் சம்பத்திரிசியாரில் விஞ்ஞானம் கற்பித்த மயில்வாகனனார் பின்னாளில் சுவாமி விபுலாநந்தர் ஆனார். கத்தோலிக்கப் பள்ளி, மிசன் பள்ளி, சைவப் பள்ளி என்று தனித்தனி அத்தியாயம் வைக்காமல் நான் காலவரிசையில் எழுதியதற்கு இவையே காரணம். ஒன்றை விட்டு மற்றதைச் சொல்ல முடியாது.

மிகப் பெரிய நன்றி ஒரு முதியவருக்கு. அவருடைய தகப்பனார், மற்றப் பிள்ளைகள் வாங்கில் இருக்க, தரையில் இருந்து படித்தவர். அரசு உதவி பெறும் பள்ளிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்கவேண்டும் என்று 1929 இல் அரசு வற்புறுத்தியபோது, பள்ளிக்கூடங்களுக்குத் தீ வைத்தவர்களும் எங்கள் மண்ணில் இருந்தார்கள். "இதையும் போடுங்கள், பெருமையை மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள்" என்றார் அந்த ஐயா. ஒரு வரியும் குறைக்காமல் போட்டிருக்கிறேன். நூலில் எனக்கு முக்கியமான பக்கங்கள் அவைதான்.

இரவலாகத் தந்த மலர்கள், படங்கள் யாவற்றையும் தைப்பொங்கலுக்கு முன் நானே நேரில் கொண்டுவந்து ஒப்படைப்பேன். இன்னும் ஒரு வேண்டுகோள். 1960 இல் உதவி பெறும் பள்ளிகளை அரசு பொறுப்பேற்றபோது அதில் சேராமல் தனித்து நின்ற பள்ளிகள், கட்டணமும் வாங்க முடியாமல், அரசு உதவியும் இல்லாமல் நடந்தன. பெற்றோரிடம் பணம் திரட்டிய காலத்துப் பற்றுச்சீட்டு, சுற்றறிக்கை எது உங்கள் வீட்டில் இருந்தாலும் சொல்லி அனுப்புங்கள். அடுத்த பதிப்பில் சேர்த்துக்கொள்கிறேன்.