சிகாகோ மருத்துவமனைகளில் இருக்கும் தமிழ் டாக்டர்களுக்கு

வணக்கம்.

உங்களில் சிலரைப் பொங்கல் விழாவில் பார்த்துப் பேசியிருக்கிறேன். நான் மருத்துவம் படித்தவள் இல்லை. நகரின் தெற்குப் பக்கம் மேமோகிராமுக்கு, அதாவது மார்பகப் புற்றுநோயைக் கண்டுபிடிக்க எடுக்கும் எக்ஸ்ரேக்கு, போகும் பெண்களைக் காரில் கூட்டிப்போய்த் துணைக்கு உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான். ஆனாலும் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது.

போன மாதம் ஒரு கறுப்பின அம்மா கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். நாலாக மடித்து மடித்து, மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. மேமோகிராமில் ஒரு இடம் சரியாகத் தெரியவில்லை, மறுபடி வாருங்கள் என்று எழுதியிருந்தார்கள். தேதியைப் பார்த்தால் ஏழு மாதம் ஆகியிருக்கிறது! இரவு வேலை, லீவு எடுத்தால் சம்பளம் கிடையாது, இரண்டு பஸ் மாற வேண்டும், மூன்று தடவை போன் போட்டும் இந்த எண்ணை அழுத்து அந்த எண்ணை அழுத்து என்று சுற்றி விட்டிருக்கிறார்கள், அங்கிருந்து ஒருத்தரும் திருப்பிக் கூப்பிடவில்லை. அப்புறம் நான் கூடப் போய், பயாப்சி எடுத்து, இப்போது கீமோ நடக்கிறது.

கறுப்பினப் பெண்கள் இதில் அதிகம் சாவது ஏன் என்று கேட்டால், "அவங்களுக்கு வர்ற கேன்சரே வேற வகை" என்று உங்களில் ஒருவர் என்னிடம் சொன்னார். டிரிபிள் நெகட்டிவ் என்கிற, ஹார்மோன் மருந்துக்கு மசியாத கடுமையான வகை அவர்களுக்கு அதிகம் வருகிறது, சரி. ஆனால் 1980இல் இந்த ஊரில் மார்பகப் புற்றுநோயால் இறந்த வெள்ளையர், கறுப்பினப் பெண்களின் விகிதம் கிட்டத்தட்ட ஒன்றுதான். 2003இல் கறுப்பினப் பெண்களின் இறப்பு விகிதம் வெள்ளையரைவிட 68 சதவீதம் அதிகம். 23 வருஷத்தில் ரத்தமா மாறிவிட்டது? நல்ல மேமோகிராமும் புது மருந்தும் வந்தன, அவை ஒரு பக்கத்துக்கே போய்ச் சேர்ந்தன. 2007இல் இங்கே டாக்டர்களும் ஊர் ஜனங்களும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தபோது, படம் எடுப்பதன் தரம், அதைப் படிப்பவரின் அனுபவம், அடுத்த கட்ட சிகிச்சை என்று எல்லா இடத்திலும் ஓட்டை இருந்தது தெரியவந்தது. அதற்குப் பிறகு வேலை செய்ததில் இடைவெளி குறையவும் செய்தது.

நியூயார்க்கின் ஹார்லெமில் புற்றுநோய் அறுவை சிகிச்சை டாக்டர் ஹெரால்டு ஃப்ரீமன் என்ன செய்தார் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். இலவசப் பரிசோதனை, 1990இலிருந்து ஒவ்வொரு நோயாளிக்கும் கூடவே நிற்க ஒரு நேவிகேட்டர். அங்கே மார்பகப் புற்றுநோய் வந்து ஐந்து வருஷம் உயிரோடு இருந்தவர்கள் முன்பு 39 சதவீதம், பிறகு 70.

இங்கே நேவிகேட்டர் வேலை பெரும்பாலும் கிராண்ட் என்கிற, கொஞ்ச காலத்துக்கு மட்டும் வரும் உதவிப் பணத்தில் ஓடுகிறது. பணம் தீர்ந்தால் ஆளும் போய்விடுகிறார், நம்பி வந்த பெண்கள் நடுவில் நிற்கிறார்கள். நர்ஸுக்குக் கொடுப்பதுபோல அவர்களுக்கும் மருத்துவமனையே சம்பளம் கொடுக்கட்டும். பட்ஜெட் கூட்டத்தில் உட்காருகிற நீங்கள் இதைக் கேளுங்கள். கூட்டத்துக்கு முன்னால், திரும்ப வரச் சொல்லியும் இந்த வருஷம் வராமல் போனவர்கள் உங்கள் மருத்துவமனையில் எத்தனை பேர் என்று ஒரு பட்டியல் எடுத்துப் பாருங்கள். அவர்களைக் கூப்பிட்டுப் பேச ஒரு ஆளைப் போடுங்கள். கூட்டிவர நாங்கள் வண்டியோடு வருகிறோம்.