நெறியாளருக்கு கன அடிக்கும் டிஎம்சிக்கும் வித்தியாசம் தெரிய வேண்டாமா?

செய்தி ஆசிரியருக்கும், புகார்களைக் கவனிக்கும் அலுவலருக்கும்,

வணக்கம். நான் திருத்துறைப்பூண்டி பக்கம், காவிரியின் கடைமடையில் இருக்கிறேன். மாதாமாதம் கேபிளுக்குப் பணம் கட்டி உங்கள் சேனலைப் பார்க்கிறவன், அதிலும் இரவு 8 மணி விவாதத்தை ஒரு நாள் விடாமல் பார்க்கிறவன் என்ற உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை காவிரி பற்றி விவாதம். எங்கள் வீட்டில் அன்றைக்குச் சாப்பாடே டிவி முன்னால்தான். அப்பாவுக்கு 76 வயது, ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவர், ஆனால் தினமும் காலையில் மேட்டூர் நீர்மட்டத்தைப் பேப்பரில் பார்த்து காலண்டர் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைக்கிறவர். ஜூன் 12-ல் அணை திறப்பார்களா, குறுவைக்கு நாற்று விடலாமா என்பதெல்லாம் எங்கள் வீட்டில் அந்தப் பென்சில் கணக்கில்தான் முடிவாகும்.

பேச்சு, கர்நாடகா நமக்கு வருஷத்துக்கு எத்தனை டிஎம்சி (ஒரு டிஎம்சி என்றால் 100 கோடி கன அடி தண்ணீர்) தர வேண்டும் என்பதில் வந்து நின்றது. ஒரு கட்சியின் செய்தித் தொடர்பாளர், "உச்ச நீதிமன்றத்தில் போராடி 192 டிஎம்சி வாங்கிக் கொடுத்தது நாங்கள்" என்றார். எதிரில் இருந்தவர் விடவில்லை, "205 டிஎம்சியை 192 ஆக்கியதே நீங்கள்தானே" என்று மேசையைத் தட்டினார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நான்கு நிமிடம் கத்தினார்கள். உங்கள் நெறியாளர் சிரித்துக்கொண்டே, "ஆளுக்கொரு கணக்கு சொல்றீங்க, சரி, மக்களே முடிவு பண்ணட்டும், ஒரு சின்ன இடைவேளை" என்றார்.

மக்கள் எதை முடிவு பண்ணுவது? இது ஓட்டுப் போட்டு முடிவு செய்கிற விஷயமா? 205 என்பது 1991-ல் காவிரி நடுவர் மன்றம் கொடுத்த இடைக்கால உத்தரவு. 192 என்பது அதே மன்றத்தின் 2007 இறுதித் தீர்ப்பு. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16-ல் அதிலிருந்து 14.75 டிஎம்சியைக் குறைத்து, மாநில எல்லையில் தண்ணீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் நமக்கு வர வேண்டியது 177.25 என்று சொல்லிவிட்டது. இன்றைக்கு நடப்பில் இருக்கிற கணக்கு இதுதான். அந்த எண்ணை ஒரு மணி நேர நிகழ்ச்சியில் ஒருவர்கூட உச்சரிக்கவில்லை. நெறியாளர் குறுக்கிட்டு ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் இரண்டு பேர் வாயும் அடங்கியிருக்கும்.

இடைவேளை முடிந்து வந்ததும் இன்னொரு கூத்து. "கர்நாடகா இப்போ 12 ஆயிரம் டிஎம்சி திறந்துவிட்டிருக்கு, இதுக்கு மேல என்ன வேணும்?" என்று கேட்டார் நெறியாளர். அப்பா சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டார். மேட்டூர் நிரம்பி வழிந்தாலே 93.47 டிஎம்சி, ஆக 12 ஆயிரம் என்றால் 128 மேட்டூர். அவர் சொல்ல வந்தது விநாடிக்கு 12 ஆயிரம் கன அடி. அந்த அளவு ஒரு நாள் முழுக்க ஓடினால் தேறுவது ஏறத்தாழ ஒரு டிஎம்சி. அங்கே உட்கார்ந்திருந்த நான்கு விருந்தினர்களில் ஒருவரும் திருத்தவில்லை, அவர்களுக்கும் தெரியவில்லையோ என்னவோ. வாய் தவறியிருக்கலாமே என்பீர்கள், ஆனால் கீழே ஓடுகிற எழுத்திலும் அதே 12 ஆயிரம் டிஎம்சி பத்து நிமிடம் ஓடியது.

இத்தனைக்கும் உங்களிடம் ஆள் இல்லாமல் இல்லை. அதே நாள் காலைச் செய்தியில் மேட்டூரிலிருந்து உங்கள் மாவட்டச் செய்தியாளர் பேசினார். நீர்வரத்து, வெளியேற்றம், நீர்மட்டம், இருப்பு எல்லாவற்றையும் கையில் தாள் இல்லாமல் சொன்னார். ஜூலையில் 31.24 டிஎம்சி வந்திருக்க வேண்டும், அதில் பாக்கி எவ்வளவு என்பது வரைக்கும். காற்றில் பாதி வார்த்தை கேட்கவில்லை, சட்டை கசங்கியிருந்தது. அவருக்கு நீங்கள் கொடுத்தது ஒன்றரை நிமிடம். இரவு விவாதத்தை அவர் ஏன் நடத்தக் கூடாது? கோட்டு இல்லாததாலா? அப்படியென்றால் ஒரு கோட்டு வாங்கிக் கொடுங்கள்.

அமெரிக்காவில் ஜனாதிபதி தேர்தல் விவாதங்களை 12 முறை நடத்திய ஜிம் லேரர் டல்லாஸில் பத்திரிகை நிருபராகத் தெருவில் அலைந்தவர். 2024 செப்டம்பரில் நடந்த அப்படியொரு விவாதத்தில் டிரம்ப், ஒஹாயோ மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்தில் வந்தேறிகள் வளர்ப்பு நாய்களைத் தின்கிறார்கள் என்று சொன்னபோது, நடத்திக்கொண்டிருந்த டேவிட் மூயர் குரலை உயர்த்தவில்லை. அந்த நகர நிர்வாகியிடம் கேட்டோம், நம்பத்தகுந்த புகார் எதுவும் இல்லை என்று சொன்னார் என்று அங்கேயே சொன்னார். முன்கூட்டியே போன் போட்டுக் கேட்டு வைத்திருந்ததால்தானே அப்படிச் சொல்ல முடிந்தது? அவர் ஒரு பக்கமாகத் திருத்தினார் என்று அங்கேயும் சண்டை வந்தது, அது வேறு விஷயம். வேலை செய்துவிட்டு வந்து உட்கார்ந்தார் இல்லையா, எனக்கு அதுதான் வேண்டும். நம் உச்ச நீதிமன்றமே 2022-ல் வெறுப்புப் பேச்சு வழக்கில், டிவி நெறியாளரின் பொறுப்பு பெரியது என்று சொன்னது. நான் அவ்வளவு தூரம்கூடப் போகவில்லை, அலகு தெரிந்தால் போதும் என்கிறேன்.

அந்த நெறியாளரை வேலையை விட்டு அனுப்பச் சொல்லவில்லை. நல்ல குரல், செய்தி வாசித்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஆனால் தண்ணீர் என்றால் தண்ணீர்ச் செய்தி எழுதுகிறவரையும், பட்ஜெட் என்றால் அதைப் பல வருஷம் பார்த்தவரையும் உட்கார வையுங்கள். அப்புறம், இன்னார் இந்தத் துறையில் இத்தனை வருஷம் செய்தி சேகரித்தவர் என்று தொடக்கத்தில் திரையில் போடுங்கள், விருந்தினருக்கெல்லாம் போடுகிறீர்களே. அந்த 12 ஆயிரத்துக்கு அதே 8 மணி நிகழ்ச்சியில் திருத்தம் சொல்லுங்கள், நள்ளிரவு மறுஒளிபரப்பில் வேண்டாம்.

கேபிள் டிவி புகார்களுக்கான 2021 விதிகளின்படி 24 மணி நேரத்துக்குள் இந்தப் புகார் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், 15 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். பதில் இல்லையென்றால் அடுத்த கட்டமான சுய ஒழுங்குமுறை அமைப்புக்குப் போவேன். பதிலைத் தமிழிலேயே எழுதுங்கள், அப்பாவும் படிக்க வேண்டும். 15-வது நாளை காலண்டரில் அவர் இப்போதே பென்சிலால் வட்டம் போட்டு வைத்துவிட்டார்.

இப்படிக்கு,
ஒரு கடைமடை நேயர்