வாட்டிய ரொட்டியும் பருப்புக்கீரையும்

புளோரன்ஸ், இத்தாலி,
ஆகஸ்ட் 18

அன்புள்ள சிநேகிதிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. இரண்டு தடவை பதில் எழுத உட்கார்ந்து, இரண்டு தடவையும் வெயில் தாங்காமல் எழுந்துவிட்டேன். இந்த ஊர் ஆர்னோ ஆற்றுப் பள்ளத்தில், சுற்றிலும் குன்றுகளுக்கு நடுவே இருக்கிறது. காற்று நுழைய வழி கிடையாது. பகலில் 38 டிகிரி. ராத்திரி பத்து மணிக்குச் சுவரில் கை வைத்தால் அப்போதும் சுடுகிறது. ஆகஸ்ட் 15 இங்கே பெரிய விடுமுறை. அதையொட்டித் தெருவில் பாதிக் கடைகளைச் சாத்திவிட்டுக் கடற்கரைக்குப் போய்விட்டார்கள். நான் காய் வாங்கும் சாந்த் அம்ப்ரோஜோ மார்க்கெட்டிலும் ஆள் குறைவு. 1873-இல் கட்டிய இரும்புக் கூரை மார்க்கெட் அது. உனக்குப் படம் அனுப்பியிருக்கிறேனே, அதேதான்.

கடிதத்தில் நீ எழுதியிருந்த ஒரு வரி மனதை விட்டுப் போகவில்லை. "அவர் போனதுக்கப்புறம் ஒரு ஆளுக்கு எதுக்கு அடுப்பு மூட்டணும்னு இருக்கு. காலையில வடிச்சதையே ராத்திரியும் சாப்பிட்டுப் படுத்துக்கிறேன்." திருச்சி விடுதியில் ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு நன்றாக இல்லை என்று வார்டனிடம் போய் நின்றவள் நீ. உன் கையிலிருந்து இப்படி ஒரு வரி வருமென்று நான் நினைத்ததே இல்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு என்று உபதேசம் செய்ய எனக்கு மனசில்லை. போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட ஒரு ரொட்டி சாலட்டைப் பற்றிச் சொல்கிறேன். அதற்கு அடுப்பு கால் மணி நேரம் எரிந்தால் போதும். ஒரு ஆளுக்கும் செய்யலாம், பத்துப் பேருக்கும் செய்யலாம். மிச்சம் கிடக்கும் பழைய ரொட்டிதான் அதற்கு முதல்.

எங்கள் எதிர்வீட்டு அம்மாவைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். 84 வயது. பிறந்தது கியாந்தி மலைப்பக்கம் ஒரு பண்ணையில். அவருடைய அப்பா வாரத்துக்கு உழுதவர். விளைச்சலில் பாதி நிலத்துக்காரருக்கு, பாதி உழுதவருக்கு. நம் தஞ்சாவூர்ப் பக்கத்து வாரக் குத்தகை மாதிரியேதான். இங்கே இதற்கு மெத்ஸாத்ரியா என்று பெயர். இந்த டஸ்கனி மாநிலம் முழுக்கப் பல நூற்றாண்டுகள் இப்படித்தான் விவசாயம் நடந்திருக்கிறது. 1964-இல்தான் இனிமேல் புதிதாக இப்படி ஒப்பந்தம் போடக்கூடாது என்று சட்டம் வந்தது. அந்தப் பண்ணை வீடு இன்னும் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. வருஷா வருஷம் ஆகஸ்டில் என்னையும் அங்கே சாப்பிடக் கூப்பிடுவார்.

அந்தக் காலத்தில் வாரத்துக்கு ஒரு நாள்தான் ரொட்டி சுடுவார்களாம். விறகு செலவாகும், பெண்களுக்கு ஒரு பகல் முழுக்கப் போய்விடும். ஒரே சூட்டில் ஏழு நாளைக்கும் பெரிய பெரிய ரொட்டியாகச் சுட்டு, மாடியா என்கிற மரப்பெட்டியில் துணி சுற்றி அடுக்கிவிடுவார்கள். முதல் இரண்டு நாள் மெத்தென்று இருக்கும். நாலாம் நாள் கத்தி இறங்காது. ஆனாலும் ரொட்டியைத் தூக்கிப் போடுவது என்ற பேச்சே கிடையாது. குளிர்காலமாக இருந்தால் கறுப்பு முட்டைக்கோஸும் பீன்ஸும் சேர்த்து ரிபொல்லீத்தா என்று ஒரு கூழ். பெயருக்கே 'மறுபடி கொதித்தது' என்றுதான் அர்த்தம். கோடையில் பன்சனெல்லா. கல்லாகிப் போன ரொட்டியைத் தண்ணீரில் ஊறவைத்து, கையால் ஒட்டப் பிழிந்து, உதிர்த்து, தக்காளி, சிவப்பு வெங்காயம், வெள்ளரிக்காய், திருநீற்றுப் பச்சிலை, ஆலிவ் எண்ணெய், திராட்சை வினிகர் எல்லாம் போட்டுப் பிசறுவார்கள். முதல் தடவை பார்த்தபோது எனக்குப் பழையசோறுதான் ஞாபகம் வந்தது. நேற்றையது, தண்ணீர், பச்சை வெங்காயம், வெயில் காலம். வேறென்ன?

இந்த ஊர் ரொட்டியில் உப்பே கிடையாது, தெரியுமா? புளித்த மாவில் செய்து, தடித்த மேலோடு இருக்கும். வாயில் போட்டால் சப்பென்று இருக்கும். 2016-இல் இதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பெயர்ப் பாதுகாப்பும் கிடைத்தது, உப்பில்லாமல் சுடவேண்டும் என்ற விதியோடு. ஏன் உப்பில்லை என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பைசா நகரத்துக்காரர்கள் உப்பை மறித்தார்கள் என்பார் ஒருவர், உப்பு வரி என்பார் இன்னொருவர். 1302-இல் இந்த ஊரிலிருந்து துரத்தப்பட்ட கவி தாந்தே, தன் காவியத்தில் மூதாதை ஒருவர் வாயால் தனக்கே குறி சொல்லவைக்கிறார்: பிறர் வீட்டு ரொட்டி எவ்வளவு உப்புக் கரிக்கும் என்பதை நீ அறிவாய் என்று. 1321-இல் ராவென்னாவில் இறக்கும்வரை அவர் ஊர் திரும்பவேயில்லை. எனக்கு இங்கே நேர்மாறு. பிறர் வீட்டு ரொட்டியில் உப்பில்லை என்பதுதான் முதல் வருஷம் முழுக்க என் ஏக்கம். ஒவ்வொரு துண்டுக்கும் தனியாக உப்புத் தூவிக்கொண்டு, அம்மா ஊறுகாய் அனுப்ப மாட்டாளா என்று உட்கார்ந்திருந்தேன். பன்சனெல்லா சாப்பிட்ட பிறகுதான் அந்தச் சப்புக்கு அர்த்தம் புரிந்தது. தக்காளிக்குப் போடும் உப்பு, அதன் சாறு, எண்ணெய், வினிகர் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ள ஒரு வெற்றிடம் வேண்டும். அந்த இடத்தை இந்த ரொட்டி கொடுக்கிறது.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

அந்த அம்மா முற்றத்து அத்திமரத்தடியில் உட்கார்ந்து ரொட்டி பிழிந்துகொண்டிருந்தார். அவர் மருமகன் இறைச்சி சுடக் கரி மூட்டியிருந்தார். கம்பி வலையின் ஓரத்தில் இடம் காலியாக இருந்தது. "இந்த ரொட்டியில் பாதியை நான் வாட்டிக்கொள்ளட்டுமா?" என்று கேட்டேன். வீட்டில் ஊறவைத்துச் செய்யும்போதெல்லாம் எனக்குச் சரியாக வந்ததே இல்லை. ஒன்று களியாகிவிடும், இல்லையென்றால் நடுவில் கட்டி நிற்கும். பிழிகிற பதம் சின்ன வயதிலிருந்து கையில் இருக்கவேண்டும் போல. வாட்டினால் அந்தக் கவலை இல்லை. அவர் தோளைக் குலுக்கினார். அது சம்மதம்தான்.

மூன்று நாள் பழைய ரொட்டியை இரண்டு விரல் தடிமனாக அறுத்தேன். தணல் மேல் சாம்பல் பூத்திருக்கவேண்டும், சுவாலை கூடாது. ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிஷம். கம்பி பட்ட இடம் கறுத்த கோடாகவும் மற்ற இடம் நம் அப்பளம் சுட்ட நிறத்திலும் வரவேண்டும். முழுக்கக் கறுத்தால் கசக்கும். எடுத்த சூட்டோடு ஒரு பல் பூண்டை அதன் முகத்தில் தேய்க்கவேண்டும். இதைச் செய்துதான் பார்க்கணும் நீ. வாட்டிய ரொட்டி அரம் மாதிரி சொரசொரவென்று இருக்கும். பூண்டுப் பல் சர் சர்ரென்று கரைந்துகொண்டே போய், மூன்றாவது துண்டில் விரல் நுனியில் தோல் மட்டும்தான் நிற்கும். அந்த வாசனைக்கு மருமகன் இறைச்சியை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்துவிட்டார். இதன் மேல் எண்ணெயை ஊற்றினாலே இங்கே அது ஒரு பலகாரம், ஃபெத்தூந்தா என்பார்கள்.

தக்காளியை மட்டும் முன்னாலேயே பார்த்துவிட்டேன். ஒரு கிலோ, மார்க்கெட்டில் வாங்கிய புளோரன்ஸ் வரித்தக்காளி, நம் பூசணிக்காய் மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும். வாயில் போடுகிற அளவு துண்டாக வெட்டி, ஒன்றரை டீஸ்பூன் உப்புப் போட்டு, ஒரு சல்லடையில் கொட்டி, அடியில் கிண்ணம் வைத்துவிடவேண்டும். கால் மணி நேரத்தில் கிண்ணத்தில் அரை டம்ளர் சாறு இறங்கியிருக்கும். அதைக் கொட்டிவிடாதே! இந்தச் சாலட்டின் உயிரே அந்தச் சாறுதான். அதில் இரண்டு மேஜைக்கரண்டி வினிகர், ஆறு மேஜைக்கரண்டி ஆலிவ் எண்ணெய் விட்டு அடித்தால் இளஞ்சிவப்பாகக் குழம்பி நிற்கும். வெங்காயம் ஒன்று, மெல்லிசாக அரிந்து வினிகர் கலந்த தண்ணீரில் பத்து நிமிஷம் போட்டு எடுத்தால் காரம் அடங்கும். அன்றைக்குக் கிடைத்தது செர்தால்தோ வெங்காயம். அந்த ஊரின் சின்னத்திலேயே வெங்காயம் இருக்கிறது. அவ்வளவு பெருமை அதன் மேல்.

அப்புறம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி, ரொட்டியைக் கையால் பிய்த்துப் போட்டு, சாற்றை ஊற்றி, இருபது நிமிஷம் தொடாமல் வைத்தேன். இதில்தான் பொறுமை வேண்டும். உடனே சாப்பிட்டால் ரொட்டி தனி, தக்காளி தனி. ஒரு மணி நேரம் விட்டால் வாட்டியதற்கே பலனில்லை. இருபது நிமிஷத்தில் ரொட்டியின் நடு ஊறி, ஓரம் மட்டும் மொறுமொறுப்பை விடாமல் இருக்கும். பச்சிலையைக் கடைசியில் கிள்ளிப் போட்டேன்.

இரண்டு சட்டியும் மேஜைக்கு வந்தன, அவருடையதும் என்னுடையதும். அந்த அம்மா என்னுடையதில் ஒரு வாய் எடுத்து, மெதுவாக மென்று, "நல்லா இருக்கு, ஆனா இது பன்சனெல்லா இல்லை" என்றார். உண்மைதான். ஊறவைத்த ரொட்டி வாயில் பஞ்சு மாதிரி குளிர்ச்சியாகக் கரைகிறது. வாட்டியதில் புகையும் கருகலும் முந்துகிறது. என் நாக்குக்கு வாட்டியதுதான் பிடித்திருக்கிறது. அவருக்கு மற்றது, அவ்வளவுதான்.

உனக்கு எழுதவேண்டும் என்று தோன்றியது அடுத்து நடந்ததால்தான். சாப்பிட்டு முடித்துக் கிணற்றடிக்குக் கை கழுவப் போனேன். கல் இடுக்கில் தரையோடு தரையாகப் படர்ந்திருந்தது பருப்புக்கீரை. சிவப்புத் தண்டு, தடித்த சின்ன இலை, சந்தேகமே இல்லை. உங்கள் வீட்டுக் கொல்லையில் அம்மா பறித்துக் கூட்டு வைப்பார்களே, அதேதான். ஓடிப்போய் அந்த அம்மாவிடம் காட்டினேன். "இது முன்னாடி பன்சனெல்லாவில் போடுவதுதானே" என்று சர்வசாதாரணமாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து தேடினால், அவர் சொன்னது ரொம்பப் பழைய சங்கதி. இந்த ஊரை ஆண்ட மெதிச்சி குடும்பத்து அரண்மனையில் ஓவியராக இருந்த பிரொன்ஸீனோ (1503–1572) கவிதையும் எழுதியிருக்கிறார். அரிந்த வெங்காயம், பருப்புக்கீரை, வெள்ளரிக்காய் மூன்றும் சேர்ந்த சாலட்டை ரொட்டியோடு சாப்பிடுகிற சுகத்துக்கு ஈடாக இந்த வாழ்க்கையில் வேறொன்றில்லை என்கிறார். பச்சிலையும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்றும் கேட்கிறார். தக்காளி அதில் இல்லை. அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. 1548-இல் இந்த ஊர் ஆட்சியாளர் கோசிமோவின் வீட்டுக்குத் தோட்டத்திலிருந்து ஒரு கூடை தக்காளி போன குறிப்பு இருக்கிறது, ஆனால் ஜனங்கள் சாப்பாட்டில் சேர்க்க ரொம்ப காலம் பிடித்தது. ஆக, பருப்புக்கீரைதான் மூத்தது. அன்றைக்கே ஒரு கைப்பிடி கிள்ளி என் சட்டியில் மிச்சமிருந்ததில் போட்டேன். லேசான புளிப்பு, கொஞ்சம் வழவழப்பு. ரொம்பப் பொருந்தியது.

இனி நீ செய்யவேண்டியது. கும்பகோணத்தில் பேக்கரி ரொட்டி இனிப்பாக, மிருதுவாகத்தான் கிடைக்கும். பரவாயில்லை. துண்டு போடாத ரொட்டியாகக் கேட்டு வாங்கி, ஒரு பகல் திறந்து போட்டுக் காயவிடு. சர்க்கரை இருப்பதால் சீக்கிரம் கருகும். தோசைக்கல்லில் சின்னத் தீயில் வாட்டினால் போதும், பக்கத்திலேயே நில். நாட்டுத் தக்காளி இங்கத்தியதைவிடப் புளிப்பு, அதனால் வினிகரைப் பாதியாகக் குறை. பழுத்த தக்காளியை ஃபிரிட்ஜில் வைக்காதே, குளிரில் அதன் மணம் போய்விடும். வெங்காயம் சின்ன வெங்காயமாக இருக்கட்டும். திருநீற்றுப் பச்சிலை நம்மூரில் கொஞ்சம் காட்டமாக இருக்கும், ஐந்தாறு இலைக்கு மேல் வேண்டாம். பூக்காரம்மாவிடம் சொன்னால் கொண்டுவருவார். சர்பத்தில் போடுகிற சப்ஜா விதை அந்தச் செடியுடையதுதான், தொட்டியில் தூவினாலும் முளைக்கும். நல்லெண்ணெய் மட்டும் விடாதே, அதன் வாசனை மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். உன் ஒருத்திக்கு இரண்டு துண்டு ரொட்டி, இரண்டு தக்காளி. தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு திண்ணையில் வந்து உட்கார்ந்து சாப்பிடு, அடுக்களையில் நின்றுகொண்டே வேண்டாம்.

ஜனவரியில் வருகிறேன், டிக்கெட் போட்டாயிற்று. நவம்பரில் இங்கே புது ஆலிவ் எண்ணெய் ஆட்டுவார்கள். பச்சைப் பசேலென்று, தொண்டையில் மிளகு மாதிரி உறைக்கும். அந்த அம்மா எனக்கு ஒரு தகர டின் எடுத்துவைப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதை அப்படியே உனக்குக் கொண்டுவருகிறேன். கொல்லையில் பருப்புக்கீரை இன்னும் இருக்கிறதா, களையென்று பிடுங்கிவிட்டாயா? எழுது. ரொட்டி எப்படி வந்தது என்றும் எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி