மாயாத்துல பாறு பாத்தேன்டா

டேய் மாப்ள,

எப்படிடா இருக்க, பாப்பாவுக்கு எக்ஸாம்லாம் முடிஞ்சுதா? இங்க அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கு, செவலை போன வாரம் கன்னு போட்டுச்சு, கெடேரி.

போன மாசம் மாயாறு ஓடுற தெங்குமரஹாடா கிராமத்துல ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தேன். பவானிசாகர் தாண்டி காட்டுக்குள்ள அந்த பஸ் குலுக்குற குலுக்குல இடுப்பே போச்சு, நடுவுல டிரைவர் வண்டிய ஸ்லோ பண்ணிக் கைய காட்டுறாரு, பாத்தா ஒரு மான் செத்துக் கெடக்கு, சுத்தி ஏழெட்டு பாறு! நாம பொணந்தின்னிக் கழுகும்போமே, அதேதான். ஒண்ணு ரெக்கைய விரிச்சுக்கிட்டு இன்னொன்ன தொரத்துது, திரும்புறப்ப முதுகுக்குக் கீழ பளிச்னு வெள்ள. வெண்முதுகுப் பாறு. பஸ்ல ஒரு சத்தம் இல்லடா.

நம்ம ஊர்ல செத்த மாட்டப் போடுற பள்ளம் ஞாபகம் இருக்கா? ஸ்கூல் விட்டு வரப்போ இதுங்க மேல கல்லெறிவோமே. சாயங்காலத்துக்குள்ள எலும்புதான் மிஞ்சும். எப்ப வராமப் போச்சுன்னே யாரும் கவனிக்கல, இப்ப அங்க நாய்க்கூட்டம், ராத்திரி வண்டில போக முடியல.

எல்லாம் டைக்ளோஃபெனாக் பண்ண வேலை, மாட்டுக்கு வலிக்குப் போடுற ஊசி. போட்ட கொஞ்ச நாள்ல மாடு செத்துட்டா மருந்து கறியிலயே நிக்கும், அதத் தின்னா பாறுக்குக் கிட்னி போயிரும், உள்ள ஈரல் மேலெல்லாம் யூரிக் ஆசிட் சுண்ணாம்பு பூசுன மாதிரி படிஞ்சிரும். கூட்டமா வந்து தின்னுற பறவை வேற, ஒரு மாடு போதும். 1992-ல இருந்து 2007-க்குள்ள இந்த இனத்துல நூத்துக்கு 99-க்கு மேல காலி. 2004-லதான் மருந்துதான் காரணம்னு தெரிஞ்சுது, 2006-ல மாட்டுக்குப் போடக்கூடாதுன்னு தடை. நம்மாளுங்க விடுவாங்களா, மனுஷனுக்கு வர்ற பெரிய பாட்டில வாங்கி மாட்டுக்குக் குத்துனாங்க, அப்புறம் 2015-ல 3 மில்லிக்கு மேல ஒரே பாட்டில்ல விக்கக்கூடாதுன்னுட்டாங்க.

நம்மாளுங்கன்னு சொல்றேன், நானும்தான். ரெண்டு வருஷம் முன்ன செவலைக்கு மடிவீக்கம், டாக்டர் லீவு, மருந்துக்கடையில குட்டி ஆம்பூல் நாலஞ்சு குடுத்தாங்க, எதுவும் யோசிக்காம ஏத்திட்டேன். மாடு பொழச்சுது. செத்திருந்தா நேரா அந்தப் பள்ளத்துலதான் இழுத்துப் போட்டிருப்பேன். அப்புறமாத்தான் டாக்டர் திட்டிக்கிட்டே சொன்னாரு, மெலாக்சிகாம்னு ஒண்ணு இருக்கு, அதே வேலை செய்யும், பாறுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு.

மாயாத்தங்கரை நீர்மத்தி மரத்துலதான் இதுங்க கூடு கட்டுது, வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டை. 2023 டிசம்பர்ல தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா மூணுலயும் சேத்து எண்ணுனதுல எல்லா வகைப் பாறும் சேந்தே 320தான். புலி மாட்ட அடிச்சுட்டா ஆத்திரத்துல அந்தக் கறியில வெஷம் வச்சிர்றாங்க, அதத் தின்னும் சாவுது. மாட்டுக்காரன் ஆத்திரமும் எனக்குப் புரியுது, நஷ்டஈடு சீக்கிரம் கெடச்சா எவன் வெஷம் வைக்கப் போறான்.

உன் மாமனார் எருமை வச்சிருக்காருல்ல, வலிக்கு என்ன ஊசி போடுறாருன்னு கேட்டுச் சொல்லு. கன்னுக்கு இன்னும் பேர் வைக்கல, பாப்பாவ ஒண்ணு யோசிக்கச் சொல்லுடா.